படியேற முடியாதவர்களின் திருத்தணி

திருவள்ளூர் மாவட்டத்தை ஏழை மாவட்டம் என்று யாரும் சொல்வதில்லை. ஆவடியில் பீரங்கி வண்டித் தொழிற்சாலை, கும்மிடிப்பூண்டியில் சிப்காட், எண்ணூர்க் கடற்கரையில் அனல்மின் நிலையமும் துறைமுகமும் என்று சென்னையின் பெருந்தொழில்களில் கணிசமான பகுதி இந்த மாவட்டத்துக்குள்தான் இருக்கிறது. தனிநபர் வருமானத்திலும் மாநிலத்தின் முன்வரிசை மாவட்டங்களோடு சேர்த்தே இது பேசப்படுகிறது. இந்த வளத்தின் மேற்கு ஓரத்தில் திருத்தணி இருக்கிறது. சென்னையிலிருந்து கிளம்பும் புறநகர் மின்சார ரயில் அரக்கோணத்தைத் தாண்டி இங்கே வரை வருகிறது. திருப்பதி சாலை நெடுக மனைப்பிரிவுகள், மலையடிவாரத்தில் லாட்ஜுகளும் கல்யாண மண்டபங்களும், முகூர்த்த நாளில் ஊருக்குள் நுழைய முடியாத அளவுக்குக் கார்கள். 2022 ஜனவரியில் திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதும், மாவட்டத் தலைமை மருத்துவமனை என்ற தகுதி திருத்தணி அரசு மருத்துவமனைக்கு வந்தது. இத்தனையும் இருக்கிற ஊரில் மருத்துவமும் சமூக உதவியும் கிடைக்காதவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள் என்று கேட்கத் தோன்றும். நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படாமல் போவதற்குக் காரணம் இந்த ஊரின் வறுமை இல்லை. வசதியும், அந்த வசதியைக் கணக்கெடுக்கும் முறையும்தான்.

சேவை கிடைக்கிறதா என்று பார்க்க அரசு கையில் வைத்திருக்கும் அளவுகோல்கள் எல்லாம் வந்தவர்களை எண்ணுபவை. புறநோயாளிச் சீட்டு எத்தனை போட்டார்கள், எத்தனை அறுவை நடந்தது, காப்பீட்டில் எவ்வளவு செலவானது, முகாமுக்கு எத்தனை பேர் வந்தார்கள். கவுண்டருக்கு முன்னால் வரிசை நீண்டிருந்தால் மருத்துவமனை நன்றாக நடக்கிறது என்று பொருள் கொள்கிறோம். வராதவரை எண்ண எந்தப் பதிவேட்டிலும் கட்டம் கிடையாது. ஏழை மாவட்டத்தில் இந்தக் குறை ஓரளவு வெளியே தெரிந்துவிடும், ஏனென்றால் அங்கே மொத்தக் கணக்கே தாழ்ந்திருக்கும். வளமான மாவட்டத்தில் வசதியானவர்களின் எண்கள் சராசரியைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். அதற்குக் கீழே கிடப்பவர்கள் கணக்கில் கரைந்துபோவார்கள். வேல்ஸ் நாட்டுச் சுரங்கக் கிராமம் ஒன்றில் பணியாற்றிய ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர் 1971-இல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரை இதைத்தான் விதியாகச் சொன்னது: நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ, அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது. சிகிச்சையை இலவசமாகத் தந்த பிரிட்டனிலேயே அவர் கண்டது இது. காசு வாங்காத மருத்துவமனை இருந்தால் போதும், ஏழை தானாக வந்துவிடுவார் என்ற நம்பிக்கை ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே பொய்த்துப் போனது.

இதற்கு நேர்மாறான சான்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 2018-20 காலத்து மாதிரிப் பதிவு ஆய்வுப்படி லட்சம் உயிருள்ள பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தபோது தமிழ்நாட்டில் அந்த எண்ணிக்கை 54. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் மாநிலத்தின் பிரசவங்களில் கிட்டத்தட்ட அனைத்தும் மருத்துவமனையில் நடந்தவை. ஆஸ்பத்திரி கட்டியதால் மட்டும் இது நடக்கவில்லை. கர்ப்பிணியைத் தேடிக்கொண்டு ஒருவர் வீட்டுக்குப் போனார். கிராம சுகாதாரச் செவிலியர் பெயரைப் பதிந்தார், தேதியைக் குறித்தார், தடுப்பூசிக்கு வராவிட்டால் தெருவில் விசாரித்தார், ரத்தம் குறைவாக இருந்தால் இரும்புச்சத்து மாத்திரையைக் கையில் கொடுத்தார். 1987-இல் தொடங்கிய டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, அந்தப் பெண் கூலிக்குப் போக முடியாத மாதங்களை ஓரளவு ஈடுகட்டியது. திருத்தணியைச் சுற்றியிருக்கும் எந்தக் குக்கிராமத்திலும் ஒரு பெண் கர்ப்பமாக இருப்பது அரசுக்குத் தெரியாமல் ஒன்பது மாதம் கடப்பது இன்று கடினம். அதே பெண்ணின் மாமியார் பக்கவாதத்தில் படுத்துவிட்டால், மாமனாருக்கு மறதி நோய் வந்துவிட்டால், தம்பி யாரோடும் பேசாமல் அறைக்குள் முடங்கிவிட்டால், அது அரசுக்குத் தானாகத் தெரிய வழி குறைவு. பெரும்பாலும் யாராவது தூக்கிக்கொண்டு வந்து காட்டினால்தான் தெரியும்.

முதியவர்களை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் புறநகர் வளத்தின் விலையை அதிகம் கொடுப்பவர்கள் அவர்கள்தான். தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைக் கடந்தவர்கள் 2021-இல் 13.6 சதவீதம், 2031-இல் 18.2 சதவீதமாக உயர்வார்கள் என்பது மத்தியப் புள்ளியியல் துறையின் மதிப்பீடு. நாட்டில் கேரளத்துக்கு அடுத்தபடி முதுமையடையும் மாநிலம் இது. திருத்தணிப் பக்கத்துப் பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கும் சென்னை அலுவலகங்களுக்கும் போகிறார்கள். வேலை நிலைத்தால் அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ வாடகைக்கு வீடு பிடிக்கிறார்கள். ஊரில் பெற்றோர் மட்டும் மிஞ்சுகிறார்கள். ரேஷன் அட்டையில் மகன் பெயர் இருப்பதால் அந்த வீடு தனியாள் வீடாகக் கணக்கில் வராது. மகனுக்குச் சம்பளம் இருப்பதால் ஓய்வூதிய மனு நிற்கும். ஆதரவற்றோர் முதியோர் ஓய்வூதியத்தை 2023 ஆகஸ்டில் மாநில அரசு 1,200 ரூபாயாக உயர்த்தியது வரவேற்க வேண்டியது. அதில் 79 வயது வரை மத்திய அரசின் பங்கு மாதம் வெறும் 200 ரூபாய் என்பது தேசத்துக்கே தலைகுனிவு. ஆனால் தொகை எவ்வளவு என்பதற்கு முன்னால், ஆதரவற்றவர் என்று ஒருவரை எப்படி வரையறுக்கிறோம் என்ற கேள்வி நிற்கிறது. மகன் இருந்தும் பார்க்க ஆளில்லாத தாய் அந்த வரையறைக்குள் வரமாட்டார்.

சட்டம் அவருக்கு ஒரு வழி சொல்கிறது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். திருத்தணியிலேயே கோட்டாட்சியர் அலுவலகம் இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேர் தங்கும் முதியோர் இல்லம் அமைக்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. பெற்ற பிள்ளை மீது கோட்டாட்சியர் முன்னால் புகார் சொல்ல எத்தனை தாய்மார்கள் வருவார்கள்? அப்படி வந்தாலும், படுத்த படுக்கையாக இருப்பவருக்குத் தேவை மாதப் பணம் மட்டும் இல்லை. புரட்டிப் போட ஒரு கை, படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்ட ஒருவர், மாத்திரை தீர்வதற்கு முன்னால் அடுத்த அட்டையைக் கொண்டுவர ஒருவர். திருத்தணி முருகன் கோயிலில் 2021 செப்டம்பர் முதல் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. அட்டை கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. இலை போட்டுப் பரிமாறுகிறார்கள். மலைமேல் போய்ச் சேர முடிந்த எவருக்கும் சாப்பாடு உண்டு. அடிவாரத்துத் தெருவில் கட்டிலை விட்டு எழ முடியாதவருக்கு அந்தச் சோறு எட்டாது. ஆண்டின் நாட்களைக் குறிப்பதாகச் சொல்லப்படும் 365 படிகளில் ஏற முடியாதவர்களுக்காக மலையைச் சுற்றி வண்டிப் பாதை போட்டார்கள். நம் மருத்துவத்திலும் சமூகநலத் துறையிலும் அப்படியொரு இரண்டாம் பாதை இன்னும் முழுமையாகப் போடப்படவில்லை.

அடுத்து, தறிக்காரர்கள். திருத்தணியிலிருந்து மேற்கே பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், ஆர்.கே.பேட்டை என்று போனால் தெருவுக்குத் தெரு விசைத்தறி ஓசைதான். வீட்டை ஒட்டியே தறிக்கூடம். இரண்டு தறியோ நான்கோ ஓடும். புருஷன் ஒரு வேளை, பெண்சாதி ஒரு வேளை நிற்பார்கள். நாடா இப்படியும் அப்படியும் அடித்துக்கொண்டு பறக்கும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரோடு பேச வேண்டுமென்றால் காதருகே போய்க் கத்த வேண்டும், அல்லது சைகை காட்ட வேண்டும். தொழிற்சாலைகளுக்கு எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று சட்டம் வரம்பு போட்டிருக்கிறது. வீட்டுத் தறிக்கு வரம்பு பார்க்க ஆய்வாளர் வருவதில்லை. நாற்பது வயதில் காது மந்தமாவதும், பஞ்சுத் தூசியால் இருமல் நிற்காமல் போவதும், நின்றே இருப்பதால் முட்டி தேய்வதும் அந்தத் தொழிலின் இயல்பு என்றே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. கூலி ஓட்டத்துக்குத்தான். தறி நின்றால் வரும்படி நின்றது.

இவர்களுக்கு எந்தத் திட்டம் என்று தேடிப் பார்த்தால் ஓட்டை எங்கே இருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும். தொழிலாளர் ஈட்டுறுதியான இ.எஸ்.ஐ., பத்துப் பேராவது வேலை பார்க்கும் இடத்துக்குத்தான். சம்பள வரம்பு 21,000 ரூபாய். குடும்பமே ஓட்டும் தறிக்கூடம் அதற்குள் வராது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு குடும்பத்துக்கு 5 லட்சம் வரை தருகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அதாவது மாதம் 10,000. கணவன் மனைவி இருவரும் தறியில் நின்று மாதம் பதினைந்தாயிரம் சம்பாதித்தால், உள்ளதை உள்ளபடி சொல்லும் குடும்பத்துக்கு இதுவும் இல்லை. தொழிற்சாலைத் தொழிலாளியைவிட ஏழையாக இருந்தும் இ.எஸ்.ஐ. கிடையாது, அரசு வரைந்த வறுமைக்கோட்டுக்குச் சற்று மேலே இருப்பதால் காப்பீடும் கிடையாது. வளரும் புறநகர்ப் பகுதிகளில் பெருகிக்கொண்டே வரும் கூட்டம் இதுதான். காப்பீட்டு அட்டை கிடைத்தவருக்கும் அது படுக்கையில் சேர்ந்த பிறகுதான் பயன்படும்; வெளிநோயாளியாக வந்து போகும் பேருந்துக் கட்டணமும் கூடவரும் ஆளின் ஒருநாள் கூலியும் கைக்காசுதான். 2021-22 தேசிய சுகாதாரக் கணக்குப்படி நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் தங்கள் பையிலிருந்து நேரடியாகக் கொடுத்தது. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இலவச மின்சாரத்தை 2023-இல் 750 யூனிட்டிலிருந்து 1,000 யூனிட்டாக உயர்த்த அரசால் முடிந்தது. ஒவ்வொரு தறிக்கும் இணைப்பு எண் இருக்கிறது, பட்டியல் இருக்கிறது. அதே பட்டியலை வைத்துக்கொண்டு தறிக்குப் பின்னால் நிற்பவரின் காதையும் நுரையீரலையும் ஆண்டுக்கொரு முறை பரிசோதிக்க என்ன தடை என்பதற்குச் சரியான பதில் கிடையாது.

இருளர்களின் நிலை இதைவிடக் கடினமானது. மத்திய அரசே மிகவும் நலிந்த பழங்குடியினர் என்று பட்டியலிட்டிருக்கும் இவர்கள் ஏரிக்கரையிலும் ஆற்றோரத்திலும் நாலைந்து குடிசைகளாகச் சிதறி வாழ்கிறார்கள். செங்கல் சூளைகள், அரிசி ஆலைகள், மரம் வெட்டும் இடங்கள் ஆகியவற்றில் முன்பணத்துக்குச் சிக்கிய இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்ட செய்திகள் திருவள்ளூர், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் மாவட்டங்களிலிருந்து பல ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கின்றன. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. திருவள்ளூர் மாவட்ட நிர்வாகம் மீட்கப்பட்ட இருளர்களையே உரிமையாளர்களாக வைத்துச் செங்கல் சூளை தொடங்க உதவியது நல்ல முன்மாதிரி. ஆனால் சாதிச் சான்றிதழ் இல்லை, பட்டா இல்லை, பிறப்புப் பதிவு இல்லை என்று ஒவ்வொரு காகிதமும் இன்னொரு காகிதத்துக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். வி.ஏ.ஓ. கையெழுத்துக்கு ஒரு நாள், தாலுகா ஆபீசுக்கு இன்னொரு நாள், ஆன்லைனில் மனு நிராகரிக்கப்பட்டால் மறுபடி முதலிலிருந்து. சூளைப் பருவத்தில் ஒடிசாவிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர்கள் மொழியும் தெரியாமல் இதே மாவட்டத்தில் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகிறார்கள். அவர்களின் குழந்தைக்குத் தடுப்பூசி எந்த மாநிலக் கணக்கு என்று யாரும் சண்டையிடுவதில்லை. யார் கணக்கிலும் அது இல்லை என்பதுதான் பிரச்சினை.

மனநோயைப் பற்றித் திருத்தணி போன்ற தலங்களில் தனியாகவே பேச வேண்டும். கோயில் ஊர்களுக்கு மனநலம் குன்றியவர்களை அழைத்துவந்து விட்டுவிட்டுப் போகும் கொடுமை தமிழகம் எங்கும் அறிந்தது. தெருவில் அலைபவரைக் காவல்துறை பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 100-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அப்படிக் கொண்டுவரப்படுபவர்களுக்கென மாவட்ட மருத்துவமனைகள் சிலவற்றில் மீட்பு மையங்களையும் தமிழக அரசு நடத்துகிறது. ஆனால் தெருவில் அலைபவர் கண்ணுக்குத் தெரிகிறவர். வீட்டுக்குள் இருக்கிற நோயாளி அதைவிடப் பெருங்கூட்டம். 2015-16-இல் தமிழ்நாட்டையும் சேர்த்து 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வு, நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே பெறவில்லை என்றது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கின்படி 2022-இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். பணம் வந்த மாநிலத்தில் இது நடக்கிறது. 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் மனநல ஆலோசனை கிடைக்கும், அது பலரைக் காப்பாற்றியிருக்கவும் கூடும். ஆனால் எண்ணை அழுத்த வேண்டும் என்ற நினைப்பே எழாத நிலைக்குப் பெயர்தான் மனச்சோர்வு. குடும்பம் முதலில் போவது மந்திரிக்கிறவரிடம், பிறகு மலைக்கு, பிறகு வேண்டுதல். அதைக் குறை சொல்வதில் பயனில்லை. வேண்டுதலுக்கு வந்த குடும்பத்திடம், மாத்திரையும் வாங்குங்கள், மாவட்ட மருத்துவமனை பக்கத்தில்தான் இருக்கிறது என்று பக்குவமாகச் சொல்ல மலையில் ஒரு பயிற்சி பெற்ற ஆள் இருந்தால், நோயாளியை நாம் தேட வேண்டிய அவசியமே பாதி குறையும்.

எல்லை என்பதும் இந்த ஊரின் நோய்களில் ஒன்று. சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, எல்லை நடுவர் படாஸ்கரின் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. தமிழர்கள் பெருமைப்பட வேண்டிய வரலாறு அது. கோடு மாறியதும் உறவுகள் மாறிவிடவில்லை. ஆந்திரத்தின் நகரி, புத்தூர் பக்கம் பெண் கொடுத்து எடுக்கும் குடும்பங்களில் ஒருவருக்கு ஆந்திர அட்டை, இன்னொருவருக்குத் தமிழ்நாட்டு அட்டை. ரேஷன் அரிசி இப்போது எல்லை தாண்டுகிறது. 2020 அக்டோபரில் தமிழ்நாடும் ஒரே நாடு ஒரே ரேஷனில் சேர்ந்துவிட்டது. ஓய்வூதியமும் மாநில மருத்துவக் காப்பீடும் அப்படி எளிதில் தாண்டுவதில்லை. கணவன் இறந்தபின் மகள் வீட்டுக்கு எல்லை தாண்டி வந்துவிடும் மூதாட்டி, இரண்டு மாநிலத்திலும் உரிமை இழந்தவர். பள்ளிப்பட்டுப் பக்கம் மழைக்காலத்தில் ஆந்திரத்தின் கிருஷ்ணாபுரம் அணை திறந்தால் கொசஸ்தலை ஆற்றில் தரைப்பாலங்கள் மூழ்கிவிடும், கிராமங்கள் துண்டாகும். அன்றைக்கு நெஞ்சு வலி வந்தவருக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் தகுதி உயர்வு பயன்படாது.

ஏழை மாவட்டங்கள் இருக்கும்போது வளமான திருவள்ளூருக்கு ஏன் இன்னும் கேட்க வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தர்மபுரிக்கும் ராமநாதபுரத்துக்கும் முன்னுரிமை தருவதை எதிர்க்கும் பேச்சு இது இல்லை. புதிய கட்டடமோ புதிய ஸ்கேன் எந்திரமோ கேட்டால் அந்த ஆட்சேபம் பொருந்தும். கேட்பது, ஏற்கனவே போட்ட பணம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகிறதா என்று பார்க்க ஆள். அதோடு, உதவியை மாவட்டத்தின் சராசரியைப் பார்த்துப் பங்கிடும் பழக்கமே தவறு. ஆவடித் தொழிலாளியின் சம்பளம் ஆர்.கே.பேட்டைத் தறிக்காரரின் வீட்டில் அடுப்பெரிக்காது. மாவட்டம் என்ற அலகு நிர்வாக வசதிக்கானது; பசியும் நோயும் அந்த எல்லைக்கு உட்பட்டு வருவதில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகும் இப்படிச் சொல்வது சரியா என்பது அதைவிடக் கனமான ஆட்சேபம். 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய அந்தத் திட்டத்தை மனமாரப் பாராட்ட வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு தமிழ்நாட்டில் நடந்த ஆய்வில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும், சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவீதம் பேருக்கும்தான் நோய் கட்டுக்குள் இருந்தது. மருத்துவமனைகள் நிறைந்த மாநிலத்தில் இப்படியொரு எண் வந்தது, வாசல் திறந்திருந்தால் மட்டும் போதாது என்பதற்கான சாட்சி. அதைப் பார்த்துத்தான் அரசு மாத்திரையை வீட்டுக்கே அனுப்பியது. இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்பும் சேர்த்தது. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு அது எதிர்ச்சான்று இல்லை, பெரிய துணை. பிரசவத்துக்குச் செய்ததை பி.பி., சுகருக்கும் செய்ய முடியும் என்று அது காட்டிவிட்டது. ஆனால் சொற்ப மதிப்பூதியத்துக்கு ஓடும் ஒரு பெண் தன்னார்வலர் ஒரு துணை சுகாதார நிலையப் பரப்பு முழுவதையும் பார்க்கிறார். பரிசோதனையோடும் மாத்திரையோடும் அவர் பொறுப்பு பெரும்பாலும் முடிகிறது. தறிக்காரரின் காது, மூதாட்டியின் ஓய்வூதிய மனு, இருளர் குழந்தையின் சாதிச் சான்று, அறையில் முடங்கிய இளைஞன் ஆகிய எதுவும் அவர் பையில் இருக்கும் படிவத்தில் இல்லை. கண்ணால் பார்த்தும் எழுதிக்கொள்ள இடமில்லை.

பெற்றோரைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும், அரசு ஏன் என்று கேட்பவர்கள் ஊரில் நிறைய உண்டு. அந்தக் கேள்வியின் பாரம் நடைமுறையில் விழுவது மருமகள் மேல், அல்லது கல்யாணம் ஆகாத மகள் மேல். அவள் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருப்பதைத்தான் குடும்பம் பார்த்துக்கொள்வது என்கிறோம். குடும்பம் வலுவாக இருக்கும் ஊர்களிலும் அதற்குத் துணை வேண்டும் என்பதைக் கேரளம் நமக்கு முன்னால் புரிந்துகொண்டது. வளைகுடாப் பணம் வந்து வீடுகள் மாடியாகி, பிள்ளைகள் கடல் கடந்துவிட்ட மலப்புறத்தில்தான் அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்கள் படுக்கை நோயாளியின் வீட்டுக்குப் போகும் வலி தணிப்பு இயக்கம் வேரூன்றியது. 2008-இல் கேரள அரசு அதைக் கொள்கையாக்கியது. ஊராட்சிகள் தங்கள் பணத்தில் வீட்டுக்குப் போகும் செவிலியரை வைத்தன. மருத்துவர் சில வாரங்களுக்கு ஒருமுறை, செவிலியர் அடிக்கடி, பக்கத்து வீட்டுக்காரர் தினமும் என்ற ஏற்பாடு. குடும்பத்தின் இடத்தை யாரும் பிடுங்கவில்லை. குடும்பம் உடைந்துபோகாமல் இருக்க ஒரு முட்டுக் கொடுத்தார்கள்.

செலவு என்பது கடைசி ஆட்சேபம். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் இந்த ஆட்சேபம் வலுவிழந்துவிடும். லட்சக்கணக்கானோர் காவடி எடுத்து வருவார்கள் என்று தெரிந்து, மருத்துவ முகாம்கள், தயார் நிலையில் 108 ஊர்திகள், தற்காலிகக் கழிப்பறைகள், குடிநீர்த் தொட்டிகள், கூடுதல் பேருந்துகள் என்று வருவாய்த் துறை, காவல்துறை, நகராட்சி, கோயில் நிர்வாகம், சுகாதாரத் துறை எல்லாம் வாரக்கணக்கில் கூடி உட்கார்ந்து திட்டமிடுகின்றன. எந்த இடத்தில் ஒருவர் மயங்கி விழக்கூடும் என்பது வரை யோசிக்கிறார்கள். வந்து போகிறவர்களுக்காக ஐந்து துறைகள் ஒரே மேசையில் உட்கார முடிகிற ஊர், குடியிருப்பவர்களுக்காகவும் அதே மேசையில் உட்கார முடியும். 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் என்று பார்க்காமல் முதல் 48 மணி நேர சிகிச்சையை அரசு ஏற்கிறது. சென்னை-திருப்பதி சாலையில் அடிபட்ட நகரிக்காரருக்கு அட்டை இல்லாமல் சிகிச்சை கிடைக்கும்போது, அதே நகரியிலிருந்து மகள் வீட்டுக்கு வந்து படுத்துவிட்ட அவருடைய தாய்க்கு மட்டும் ஏன் எல்லை குறுக்கே நிற்க வேண்டும்?

தொடங்க வேண்டிய இடம் சிறியது. திருத்தணி நகராட்சியில் 21 வார்டுகள். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 44,781. ஒரு வார்டுக்குச் சராசரியாக இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்; ஒரு செவிலியரும் ஒரு சமூகப் பணியாளரும் வீடு வீடாகப் போய்த் தெரிந்துகொள்ளக்கூடிய அளவு. யார் தனியாக இருக்கிறார், யார் எழ முடியாமல் இருக்கிறார், யார் மாத்திரையை நிறுத்திவிட்டார், எந்த வீட்டில் யாருக்கு எந்தக் காகிதம் இல்லை என்று ஒரு பதிவேடு. அதில் பெயர் ஏறியதும் அலைய வேண்டியவர் நோயாளியாக இருக்கக் கூடாது, அந்தப் பணியாளராக இருக்க வேண்டும். மலைக்கோயிலின் அன்னதானத்தில் ஒரு பங்கு அந்தப் பதிவேட்டில் உள்ள வீடுகளுக்கு அடுக்குச் சட்டியில் போகலாம். பக்தர்கள் யாரும் அதைத் தவறென்று சொல்லமாட்டார்கள். நகரத்தில் நடைமுறை பழகியதும், ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டுக் கிராமங்களுக்குத் தறி இணைப்புப் பட்டியலையும் சூளைகளின் பட்டியலையும் வைத்துக்கொண்டு போகலாம். மாவட்ட ஆட்சியரின் மாதாந்திர ஆய்வில், எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்குக்குப் பக்கத்தில், பதிவேட்டில் இருந்தும் இந்த மாதம் யாரும் போய்ப் பார்க்காத வீடுகள் எத்தனை என்ற கணக்கையும் கேட்க வேண்டும்.